நாக்குக்கு ஒருசந்தி

சேசு மரி சூசை துணை

மரக்காணம்
24.3.2025

அன்புள்ள அற்புதத்துக்கு,

உப்பளத்தில் உன்னோடு கூடை சுமந்த சவுரியம்மாள் எழுதுவது. நாங்கள் நலம். உன் நலம் தெரியவில்லை.

போன வாரம் ஞாயிறு நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன். என் மகன் ராஜாங்கம், மருமகள் செசீலியா, பேத்தி பிரியதர்ஷினி. உங்கள் பக்கம் நீ, உன் மகன் லூர்துசாமி, அவன் பெண்சாதி, பேரன் ஜெரோம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நம் கோயில் உபதேசியார் மரியதாஸ். வேறு ஒரு ஆள் இல்லை. இத்தனை பேர் நடுவில் என்ன தப்பு நடந்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பிரியா பதற்றத்தில் சர்க்கரை என்று உப்பை அள்ளி மாப்பிள்ளையின் காபி டம்ளரில் போட்டுவிட்டாள். உன் பேரன் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தான். அப்புறம்தான் விஷயமே தெரிந்தது. மரியதாஸ், “தம்பிக்கு பி.பி. இல்லியே?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

போகும்போது லூர்துசாமி, “வீட்ல பேசிட்டு சொல்றோங்க பெரியம்மா” என்றான். அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. உனக்கோ காது கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பையனைப் பிரியாவுக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள்.

உன் மருமகள் எங்கள் வீட்டுப் பாயைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாளே, அதை நான் மறக்கவில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான். மாதா கெபித் திருவிழாவில் நான் காய்ச்சிய கஞ்சியில் கல் என்று ஊர் முழுக்கச் சொன்னவள். அந்தப் புத்தி எங்கே போகும்?

பதில் போடு.

உன் சிநேகிதி
சவுரியம்மாள்


பெரிய முதலியார்சாவடி
31.3.2025

அடியே சவுரி,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சிரிக்க ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா?

என்ன தப்பு என்று என்னையே கேட்கிறாயே! உனக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் அன்றைக்கே பட்டப்பெயர் வைத்துவிடுவாய். ஓயாமல் பேசுகிறேன் என்று எனக்கு ‘ரேடியோ’. வாயே திறக்காத என் வீட்டுக்காரருக்கு ‘சைலன்சர்’. அந்த மனுஷன் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிடிக்காதவர்களிடம்தான் நீ மரியாதையாகப் பேசுவாய். அது ஊருக்கே தெரியும்.

என் பேரனைப் பார்த்து நீ என்ன சொன்னாய்? “வாங்க தம்பி, உக்காருங்க.” என் மகனுக்கு அதுவே போதும். பஸ்ஸில், “பெரியம்மா வாங்க போங்கன்னுட்டாங்கம்மா, அவ்ளோதான்” என்று பேப்பரில் எழுதிக் காட்டினான். காது போன பிறகும் உன் உதட்டைப் பார்த்தே சிரிக்கிறவள் நான். அன்றைக்கு அது தைத்து வைத்த மாதிரி இருந்தது.

பையன் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு குயிலாப்பாளையத்தில் வேறு பெண் பார்க்கப் போகிறோம். எனக்கு மனசே இல்லை.

அற்புதம்


சேசு மரி சூசை துணை

மரக்காணம்
8.4.2025

அன்புள்ள அற்புதத்துக்கு,

பையனைப் பிடித்திருக்கிறது. பெயர் வைக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இப்போது சொல்லக் கூடாது. சொன்னால் இத்தனை நாள் செய்தது வீண்.

எனக்கே தலை சுற்றுகிறது. நல்லதைத்தான் செய்கிறேன், நடப்பதெல்லாம் கெட்டதாக இருக்கிறது. உப்பு வாருகிற பெண்கள் கஞ்சி நேரத்தில் என் பக்கத்தில் உட்காருவதில்லை. ராஜாங்கம் என்னை டாக்டரிடம் கூட்டிப்போய் தலையைப் பார்க்கச் சொன்னான். செசீலியா அடுப்படியில், “அத்தை ஏன் என்ன ஒண்ணுமே சொல்ல மாட்றாங்க? பயமா இருக்குது” என்று அழுகிறாள்.

உயிர்ப்பு ஞாயிறு கழியட்டும். அதுவரைக்கும் பொறு. குயிலாப்பாளையம் போகாதே.

சவுரியம்மாள்


சேசு மரி சூசை துணை

மரக்காணம்
21.4.2025

அடியே ரேடியோ,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. நேற்று உயிர்ப்பு ஞாயிறு, நாற்பது நாள் நோன்பு முடிந்தது, இனி நான் வாயைத் திறக்கலாம்.

நோன்பு தொடங்கிய சாம்பல் புதன் அன்று புதுச் சாமியார் பிரசங்கம் வைத்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். “வயித்துக்கு மட்டும் இல்ல, நாக்குக்கும் ஒருசந்தி இருங்க. புறணி பேசாதீங்க. ஒருசந்தி இருக்கறத வெளிய சொல்லிக்காதீங்க” என்றார். புறணி என்ற சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற மரியதாஸிடம், “இன்னாப்பா புறணின்னா?” என்றேன். “கேலி, கிண்டல்தான் ஆயா. உன்னத்தான் சொல்றாரு” என்றான். நம்பி, அன்றைக்கே நாக்கைக் கட்டிப்போட்டேன்.

பெரிய வியாழனுக்கு முன்னால் அதே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். “சாமி, கேலி பேசாம இருந்ததுல பேத்தி சம்பந்தம் பாதியில நிக்கிது. இது பாவமா, புண்ணியமா?” என்றேன். அவர் சிரித்த சிரிப்பு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். “பாட்டி, புறணின்னா ஆளு இல்லாதப்ப முதுகுக்குப் பின்னால குறை சொல்றது. உங்கள யாரு சிரிக்க வேண்டாம்னு சொன்னா?”

என் முதல் கடிதத்தை எடுத்துப் பார். உன் மருமகளையும் அவள் அம்மாவையும் பற்றி எழுதினேனே, அதுதானாம் புறணி. விட வேண்டியதை விடாமல், விடக் கூடாததை விட்டிருக்கிறேன். நான் இருந்த ஒருசந்தி செல்லுமா செல்லாதா? “ஆண்டவர் மனசப் பாப்பாரு” என்றார் சாமியார். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று நேற்று வரை கட்டிக் காத்துவிட்டேன்.

உன் பேரன் டம்ளரைக் கீழே வைத்தபோதே அவன் பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். அந்த இடம் ஆற ஒரு வாரம் ஆனது. பெயர் ‘பாத்தி’. எத்தனை உப்புத் தண்ணீர் விட்டாலும் முணுக்கென்று சத்தம் போடாமல் வாங்கிக்கொள்வது உப்பளத்துப் பாத்திதானே? என் பேத்திக்கு அப்படி ஒருவன்தான் தாங்குவான்.

பிரியாவிடம் சொன்னேன். “பாத்தியா!” என்றாள். அவன் பெயரைச் சொன்னாளா, என்னைக் குத்திக் காட்டினாளா தெரியவில்லை. ஆனால் சிரித்தாள். இரண்டாவது தரம் சோறு வாங்கினாள்.

வருகிற ஞாயிறு இங்கே வாருங்கள். நான் உன் எதிரில் உட்கார்ந்து உதட்டை நன்றாக அசைத்து அவனைக் கூப்பிடுகிறேன். உன் மருமகளை மன்னித்துவிட்டேன், பாயில் தூசி இருந்திருக்கும். அவள் அம்மாவையும் மன்னித்துவிட்டேன், கஞ்சியில் கல் இருந்ததுதான். பதில் போடாத உன்னையும் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு
சவுரியம்மாள்

பி.கு. எல்லோரையும் மன்னித்தாயிற்று, ஒரு ஆளைத் தவிர. தெரியாமல் சொன்னானா, இல்லை என் வாயை அடைத்துவிட்டு தன் கேலியை விற்கப் பார்த்தானா? அதிலும் உப்பளத்து மண்ணில் நின்றுகொண்டு பி.பி.யாம், அது ஒரு கேலியா? இதை எழுதினால் புறணி ஆகிவிடுமோ என்று பயந்து, அவனையே கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்து, கடிதம் முழுவதையும் படித்துக் காட்டிவிட்டேன். இதைத் தபாலில் போடப் போவதும் அவன்தான். சாமியார் சொன்னாலும் நான் மன்னிக்க மாட்டேன், அந்த மரியதாஸை.