கரண்ட் மாமா

ஜூலை 4

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் அப்பாவின் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் என் தம்பி சுண்டெலி, அம்மாவின் கொண்டை ஊசியைப் பிளக் ஓட்டையில் விட்டுவிட்டான். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். திரும்பினால், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறான், ஊசி பாதி உள்ளே. சுவிட்ச் அணைந்திருந்தது. அதனால்தான் அவன் இப்போது பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். நாலு வயது.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மா தையல் கம்பெனியிலிருந்து வரும்வரை அவன் என் பொறுப்பு. "நீ எங்க பாத்துக்கிட்டிருந்தே?" என்பாள்.

ஜூலை 5

ஊசியை ஏன்டா விட்டாய் என்று நைசாகக் கேட்டேன்.

"மாமாவைப் பாக்க."

"எந்த மாமா?"

"கரண்ட் மாமா."

அப்பா வயர்மேன். எங்கள் வீட்டில் மட்டும் மெயின் சுவிட்சை அணைக்காமலே வேலை பார்ப்பார். அம்மா கத்தினால், "கரண்ட் எனக்கு மச்சான்டி, என்னை ஒண்ணும் பண்ணாது" என்பார். எல்லோரும் சிரிப்போம். அப்பாவுக்கு மச்சான் என்றால் அவனுக்கு மாமாதானே? கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

ஜூலை 7

பாடம் நடத்தினேன். ஓட்டையில் எதையும் விடக்கூடாது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது. வயர் தொங்கினால் கிட்டே போகக்கூடாது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். பிறகு, "அப்பா மட்டும் தொடுறாரு?"

"அவரு பெரியவரு."

"மாமாவுக்குச் சின்னப் பிள்ளைங்களைப் பிடிக்காதா?"

அப்படி ஒரு மாமாவே இல்லை என்றேன். "அப்பா பொய் சொன்னாரா?" உதடு பிதுங்கியது. ஆமாம் என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 8

ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டினேன். அப்பா வந்ததும் உரித்துப் போட்டார். "வயர்மேன் வீட்ல பிளக்குக்குப் பிளாஸ்திரியா? வெளிய தெரிஞ்சா எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முறைத்தார். உரித்த டேப்பைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கோழை. நான் ஒரு கோழை.

ஜூலை 9

அவனுடைய பாலர் பள்ளியிலும் பிளக் இருக்குமே? வகுப்பில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஜூலை 11

நடந்ததை வேகமா எழுதிடறேன்.

அப்பா ஃபேன் ரெகுலேட்டர் மாற்றினார். மூடியைக் கழற்றி, வயரைத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ எடுக்க வாசலுக்குப் போனார். மெயினை அணைக்கல. சுண்டெலி முக்காலி மேல ஏறிக் கையை நீட்டினான். சிரிச்சுக்கிட்டே. விரலுக்கும் வயருக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல. சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். ரெண்டு பேரும் தரையில விழுந்தோம்.

அப்பா ஓடி வந்தார். "என்னடி பண்றே அவனை?" என்று கையை ஓங்கினார்.

கத்தினேன். அப்பாவிடம் — நான்! "உங்க மச்சானைப் பாக்கத்தான் போனான்! நீங்க சொன்னதுதான்! போன வாரம் ஊசியை விட்டான்!" எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. சுண்டெலி அழுதுகொண்டே, "மாமா கூப்பிடலப்பா, நானாத்தான் போனேன்" என்றான். மாமாவுக்கு அடி விழுந்துவிடுமோ என்று பயம் அவனுக்கு.

அப்பா வாசலுக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

ஜூலை 12

அப்பா என் முகத்தைப் பார்க்காமலே வயர் நுனிகளில் டேப் சுற்றி, மூடியை மட்டும் மாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

ஜூலை 14

சாயங்காலம் அப்பா மெயினை அணைத்தார். அறை இருட்டிவிட்டது. சுண்டெலியைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, பாதியில் நின்ற ரெகுலேட்டருக்கு எதிரே போய் நின்றார்.

"ஏன்பா அணைச்சீங்க? பயமா?" என்றான் அவன்.

சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஆமாடா. தினமும் பயம்தான். மச்சான் கிச்சான்னதெல்லாம் சும்மா வாய்ச்சவடால்."

அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா வயரைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார். "மெயின் அணைஞ்சிருக்கான்னு நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. நீ சொன்னாத்தான் தொடுவேன்."

போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்து சொன்னேன்.