வெந்த கம்பும் சடச்சி வில்லும்

நேற்றுக் காலை வலப்பனையிலிருந்து லொறியில் வந்த பதினோரு சடச்சிக் கம்புகளில் ஒன்பதைத் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்தவனுக்கு முகம் தொங்கிவிட்டது. "முதலாளி, எல்லாம் நூல் புடிச்ச மாதிரி நேர்க் கம்புங்க" என்று கெஞ்சினான். நேராகத்தான் இருந்தன. வாளால் அறுத்து நேராக்கியிருந்தான். மரத்தின் நார் ஒரு பக்கம் ஓட, வாள் இன்னொரு பக்கம் ஓடியிருந்தது. ஆப்பு வைத்துப் பிளந்த இரண்டை மட்டும் இறக்கச் சொன்னேன். அவற்றில் ஒன்றின் பட்டையை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனேன். வெண்டைக்காய் நறுக்கிய கையில் வருமே, அந்த வழவழப்பான பச்சை வாசனை. ஆசாரி, நீ வந்துவிட்டாய்.

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. ஹட்டனில் இத்தனை மரக்கடை இருக்க, கோயில் வில்லுக்கு மட்டும் ஏன் எல்லாத் தோட்டத்துக்காரர்களும் என் படியேறுகிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் போன வாரம் கேட்டார். தொழில் ரகசியம் என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். ரகசியம் ஒன்றும் இல்லை. உன்னிடம் ஒரு முறை பொய் சொன்னேன். அதிலிருந்து தொடங்கியதுதான் எல்லாம். இதை உனக்கே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

திம்புள்ளப் பக்கத்தில் நம் தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் ஆலையில், நீ தச்சு வேலை. தேயிலைப் பெட்டி அடிப்பாய், பலகை மாற்றுவாய். அதே ஸ்டோரின் அடுப்புக்கு விறகு போடும் ஒப்பந்தம் எனக்கு, கொந்தரப்பு என்பார்கள். ஒரு கோடரியும் இரவல் மாட்டுவண்டியும் மட்டுமே என் சொத்தாக இருந்த நாளிலேயே நீ என்னை "யாவாரி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாய். கேலிக்குத்தான் கூப்பிட்டாய். நான் அதை நிஜமாக்கிக் காட்டினேன், அவ்வளவுதான்.

விஜயதசமியன்று நம் தோட்டத்தில் அம்மன் பெரட்டுக்களத்துக்கு வருவாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் அதே களத்தில் அன்று அம்பு போடுவார்கள். பூசாரி நாலு திசைக்கும் அம்பு விடவேண்டும். நாலாவது அம்பு, அசுரன் என்று நட்டுவைத்த வாழையில் பாய வேண்டும். திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம் அது. மற்றத் தோட்டங்களில் மூங்கில் பத்தையை வளைத்துச் சரிகைத்தாள் சுற்றிக் கொடுப்பார்கள். அம்பு பூசாரி காலடியிலேயே விழும், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நம் தோட்டத்தில் மட்டும் அம்பு பறந்தது. நீ செய்தது வேஷத்து வில் அல்ல, வேட்டைக்கு ஆகும் வில்.

அதற்கு உனக்குக் கூலி கிடையாது. அம்மன் முன்னால் உடைத்த முதல் தேங்காயின் ஒரு மூடி, கூட்டத்துக்கு முன்னால் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி கையால் விபூதி. அந்த ஒரு நாள், ஆசாரி, நீ நடக்கும் நடையே வேறு.

நான் பொய் சொன்ன அந்த வருஷம், நீ காயப் போட்டிருந்த கம்பை உளுப்பூச்சி அரித்துவிட்டது. விஜயதசமிக்கு மூன்று வாரம் இருக்கையில் என் விறகுக் கொட்டகைக்கு வந்தாய்.

"யாவாரி, சடச்சிக் கம்பு ஒண்ணு வேணும். பத்து மாசம் காஞ்சிருக்கணும். இருக்கா?"

"இருக்கு."

இல்லை. வண்டிக்கு ஏர்க்கால் போடலாமென்று முந்தின வாரம் வாங்கிய பச்சைக் கம்புதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நீ வேறு ஆளைத் தேடுவாய். யாரும் என்னிடம் வந்து வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அந்த வயதில் என் வெறி. போதாக்குறைக்கு ஒரு தோட்டத்துப் புத்தி வேறு. காலையில் கிள்ளிய கொழுந்து மாடியில் வாடி, அரைபட்டு, அடுப்புச் சூட்டில் காய்ந்து மறுநாள் பெட்டிக்குள் போகிறது. இலை ஒரு நாளில் காய்கிறதே, கம்புக்கு மட்டும் ஏன் பத்து மாதம்? ஸ்டோர் அடுப்புக்குப் பின்னால், சுவரோரம், ஒன்பது நாள் அதை நிறுத்தி வைத்தேன். விறகுக்காரன் அங்கே போவதையும் வருவதையும் யார் கேட்பார்கள்?

நீ அதைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தாய். விரல் கணுவால் தட்டிக் காது வைத்துக் கேட்டாய். கணீரென்றது.

"எங்க வச்சிருந்த?"

"கொட்டகை மூலையிலதான். போன வருஷத்திலேருந்து கெடக்கு."

கண்ணைக் கொட்டாமல் சொன்னேன்.

விஜயதசமியன்று களத்தில் கிழக்கே முதல் அம்பு போயிற்று. வடக்கே இரண்டாவது. தெற்கே மூன்றாவது அம்புக்குப் பூசாரி நாணை இழுத்தபோது வில் படீரென்று முறிந்தது. நாண் அவர் கன்னத்தில் சாட்டையாக விழுந்தது. தப்பு அடித்தவர்களின் கை நின்றுவிட்டது. "அடியாத்தே, அம்மனுக்கு ஆகலையே" என்று ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. பெரிய கங்காணி உன்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாய்யா இது, ஆசாரி?"

நீ குனிந்து இரண்டு துண்டையும் எடுத்தாய். முறிந்த வாயைப் பார்த்தாய். மேலே காய்ந்து, உள்ளே பழுப்பேறி, பிஸ்கோத்து போலப் பொடிந்திருந்தது. நிமிர்ந்து கூட்டத்துக்குள் என்னைத் தேடினாய். கண்டுபிடித்துவிட்டாய். நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

"என் கைக் குத்தம்ங்க" என்றாய்.

"வருசா வருசம் ஒனக்கு மரியாத செஞ்சது இதுக்காய்யா? அடுத்த வருசம் டவுன்லேருந்து வில்லு வாங்கிக்கிறோம். நீ பொட்டி அடிக்கிற வேலயப் பாரு."

மறுநாள் மத்தியானம் கொட்டகைக்கு வந்தாய். அடிப்பாய் என்று நினைத்தேன். முறிந்த வில் துண்டை விறகுக் குவியலின்மேல் வைத்தாய்.

"வெந்திருக்கு யாவாரி. மரவள்ளிக் கெழங்கு மாதிரி வெந்திருக்கு."

"களத்துல ஏன்யா சொல்லல?"

"தட்டிப் பாத்து வாங்குனவன் நானு. ஒன் பேரச் சொன்னா என் காது செவிடுன்னுல்ல ஆவும்?" என்றாய். பிறகு, "எத அடுப்புல போடணும்னு ஒனக்கு நல்லாத் தெரியும். எதப் போடக் கூடாதுன்னுதான் தெரியல" என்றாய். அதற்குமேல் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஸ்டோர் அடுப்பைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது வெளியே வரும், கொந்தரப்புப் போகும். உள்ளதைச் சொல்கிறேன், பயந்தேன்.

நீ பெரிய கங்காணி வீட்டுக்குப் போய், இன்னும் ஒரு வில் செய்து கொண்டுவர அனுமதி கேட்டாய். "கொண்டா, பாக்கலாம்" என்றார். போடுவோம் என்று சொல்லவில்லை. அந்தப் 'பாக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீ ஐப்பசித் தேய்பிறையில் புறப்பட்டாய். நானும் வருகிறேன் என்றேன். "வா. சுமக்க ஆள் வேணும்" என்றாய்.

ராகலை வரை பஸ். பிறகு வலப்பனைச் சரிவில் கால் வலிக்கும்வரை இறக்கம். குளிர் குறையக் குறைய மரங்கள் மாறின. சிங்களவர் தமினிய என்று சொல்லும் நம் சடச்சி அங்கேதான் கிடைக்கும். நான் வெயிலில் தனியாகத் தடித்து நின்ற மரங்களைக் காட்டினேன். நீ தலையை ஆட்டிக்கொண்டே போனாய்.

"இது சொகமா வளந்த மரம்யா. சொகமா வளந்தது சொன்ன பேச்சுக் கேக்காது."

நாலு மரங்களுக்கு நடுவே, வெளிச்சத்துக்கு முட்டிமோதி மெதுவாக உயர்ந்த மரத்தைத் தேடினாய். ஆள் உயரத்துக்குக் கிளை இல்லாதது, பட்டையின் வரி முறுக்கிக்கொள்ளாமல் நேரே மேலே போவது, தொடையளவு பருமன். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கிளையை வளைத்துப் பிடித்துச் சட்டென்று விட்டாய்.

"என்னா பாக்குற?"

"கோவம் இருக்கான்னு பாக்குறேன். வளச்சா வளையணும். விட்டா திருப்பி அடிக்கணும். ஒன்ன மாதிரி வளஞ்சிக்கிட்டே போவக் கூடாது."

நிலத்துக்காரர் வெற்றிலை மென்றுகொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். "மொகட்டத, துன்னகட்டத?" என்றார். எதற்கு, வில்லுக்கா என்று கேட்கிறார். ஆமென்றதும் சிரித்து, நீ பார்க்காத ஒரு மரத்திடம் கூட்டிப்போனார். அவருடைய ஆட்களும் வில்லுக்கு அதைத்தான் வெட்டுவார்களாம். நீயும் அவரும் பாஷை இல்லாமலே அந்த மரத்தைத் தடவித் தடவிப் பேசினீர்கள். நான் வழக்கம்போல விலையைக் குறைக்க வாயெடுத்தேன். நீ என் காலை மிதித்தாய்.

வெட்டியதும் அங்கேயே ஆப்பு வைத்து நெடுக்கப் பிளந்தாய். மரம் எந்த வழியில் விட்டதோ அந்த வழியே விட்டாய். வெட்டு வாயில் சாணி அப்பினாய், ஈரம் அந்த வழியாக அவசரப்பட்டு வெளியேறினால் வெடிக்கும் என்று. உன் தச்சுக் கொட்டகைக் கூரைக்கடியில், காற்று படும், வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டாய். நான் வாராவாரம் வந்து அண்ணாந்து பார்ப்பேன். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்காத, போ" என்று விரட்டுவாய்.

ஆவணியில்தான் செதுக்க வாச்சியை எடுத்தாய். பட்டைக்கு அடுத்த வெளிப்பக்கத்தை, எதிரியைப் பார்க்கும் முதுகை, நீ தொடவே இல்லை. அதில் ஒரு நார் அறுந்தாலும் அங்கேதான் முறியும் என்றாய். செதுக்கியதெல்லாம் வயிற்றுப் பக்கம். கடைசிக்கு இழைப்புளியையும் வைத்துவிட்டு, உடைந்த லாம்புக் கண்ணாடித் துண்டால் சுரண்டினாய். சுவரில் அறைந்த முளையில் பிடியை மாட்டி, நாணைக் கீழே இழுக்கச் சொல்வாய். நான் இழுக்க, நீ தூரப் போய் நின்று, வில்லின் மேல் கையும் கீழ்க் கையும் சமமாக வளைகின்றனவா என்று பார்ப்பாய். "மேக் கை மொரண்டு புடிக்குது. விடு." இரண்டு சுரண்டல். "இழு. ம்... இன்னும் கொஞ்சம்." அப்படிப் பதினொரு நாள். இரண்டு கையும் ஒரே மாதிரி வளைந்த அன்று நீ பீடியைப் பற்றவைக்க மறந்து வாயிலேயே வைத்திருந்தாய்.

விஜயதசமி வந்தது. நீ வெள்ளைத் துணியில் சுற்றிய வில்லோடு களத்துக்கு வந்தாய். அங்கே பூசாரி கையில் ஏற்கெனவே டவுன் வில் இருந்தது. வார்னிஷ் பூசி, தங்கத்தாள் ஒட்டிப் பளபளத்தது. பெரிய கங்காணி உன் பக்கம் திரும்பவே இல்லை.

"பாக்கலாம்னு சொன்னீங்களேங்க" என்றாய்.

"சொன்னேன். ஒரு தடவ ஒடஞ்சது போதும்யா. சனங்க பயப்படுது. ஓரமா நில்லு."

நீ ஓரமாகப் போனாய். ஒரு வருஷத்து வேலையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பெட்டி அடிக்கிற ஆளாக நின்றாய். அந்த நிற்பைப் பார்த்தபின் என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"ஐயா, போன வருசம் ஒடஞ்சது ஆசாரி வில்லு இல்லீங்க. என் கம்பு. பச்சக் கம்ப ஸ்டோரு அடுப்புல சுட்டு, காஞ்சதுன்னு பொய் சொல்லிக் குடுத்தது நானு."

களம் திரும்பியது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவும் அங்கேதான் நின்றார். பெரிய கங்காணி என்னை விட்டு உன்னைப் பார்த்தார்.

"இது ஒனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சும் ஒன் பேர்லயா போட்டுக்கிட்ட?"

அவர் டவுன் வில்லை வாங்கி வைத்துவிட்டு, உன் வில்லைத் தாமே கையில் எடுத்து, காது வரை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு பூசாரியிடம் நீட்டினார்.

கிழக்கே போன அம்பு சவுக்கு வரிசையைத் தாண்டியது. வடக்கே போனது கண்ணுக்கே தெரியவில்லை. தெற்கே பூசாரி நாணை இழுத்தபோது ஐந்நூறு பேரும் மூச்சை நிறுத்தினோம். விர்ரென்றது. நாலாவது, வாழைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் முனை காட்டி நின்றது. தப்பு முழங்கியது. நீ தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, "ஏன்யா வாயத் தொறந்த? வில்லே சொல்லிருக்கும்" என்று பல்லைக் கடித்தாய். கண் மட்டும் கலங்கியிருந்தது. எத்தனையோ லொறி வாங்கினேன், ஹட்டனில் கடை வைத்தேன். அந்த வில்லுக்கு நாண் இழுத்தவன் நான் என்பதைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இன்றைக்கும் ஒன்றுமில்லை.

விறகுக் கொந்தரப்பை மறுநாளே பிடுங்கிக்கொண்டார்கள். கவலைப்பட நேரமிருக்கவில்லை. கார்த்திகைக்குள் இறம்பொடையிலிருந்து ஒரு கோயில்காரர், ராகலையிலிருந்து இருவர், அதே மாதிரி வில் வேண்டுமென்று தேடி வந்துவிட்டார்கள். உன் கொட்டகையில், மரச்சீவலின்மேல் எதிரெதிரே உட்கார்ந்து கூட்டுத் தொழிலுக்கு விதி பேசினோம். இப்போது உன் இடத்தில் செதுக்குகிற தலவாக்கலை ஆசாரிக்கு நல்ல கை. அவரிடமும் முதல் நாளே அன்று நாம் பேசியதை, விலையைத் தவிர, வரி மாறாமல் சொல்லித்தான் வேலை கொடுத்தேன்.

கம்பு நான் கொண்டுவருவது, வேண்டாமென்று ஒதுக்குவது ஆசாரி. ஒதுக்கினால் ஏன் என்று நான் கேட்கக் கூடாது. பத்து மாதம் காயாததில் உளி படக் கூடாது. வில்லுக்கு அன்றைக்குப் பதினெட்டு ரூபாய், பன்னிரண்டு ஆசாரிக்கு, ஆறு எனக்கு. கடைசியாக ஒன்று நான் கேட்டேன், நீ நெடுநேரம் மறுத்துவிட்டுத்தான் தலையசைத்தாய். எந்தக் களத்திலாவது நம் வில் முறிந்தால், சபையில் சொல்ல வேண்டிய பெயர் என்னுடையது.