ஒரு மேகம், ஒரு படம்

சின்னக்குட்டிக்கு,

உன் அப்பா பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று போனில் கேட்டாய். டாக்டர் பத்து என்றிருந்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

என் ஆய்வுக்கூடத்தில் அணுக்களைக் கடுங்குளிரில் நிறுத்தி, லேசரால் எலக்ட்ரான்களைப் பிரித்து, சிறிய பிளாஸ்மா மேகம் ஒன்றை உண்டாக்குவோம். கண் இமைப்பதற்குள் அது விரிந்து காணாமல் போகும். படம் எடுக்கிற ஒளியே அதைக் கலைத்துவிடும் என்பதால், ஒரு மேகத்துக்கு ஒரு படம்தான். ஆயிரம் மேகங்களின் படங்களை வரிசையாக அடுக்கி, ஒரே மேகத்தின் கதைபோல எழுதுவோம். டாக்டர் சொன்ன பத்தும் யார் யாரோ நோயாளிகளை அடுக்கி வந்த எண்தான்.

நேற்று இதை உன் அப்பாவிடம் விளக்கினேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு சிரித்தார்.

"உனக்கென்னடி, லேசரைத் தட்டினா அடுத்த மேகம் வந்துடும். நான் ஒத்தைப் பீஸு."

"பேசாம படுங்க" என்றேன். முகமூடியை மறுபடி மாட்டிவிட்டேன்.

இன்று இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டார். அளப்பதையே தொழிலாகக் கொண்ட நான் வேண்டாம் என்றேன்.

பரீட்சை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாய். அதுவரை காத்திருக்காதே, இந்த வாரமே வா. அவர் ஜோக்குக்குச் சிரிக்க ஒருத்தர் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அம்மா