ஸ்டெல்லா அக்காவுக்கு, என் புது லேப்டாப்பிலிருந்து

என் பிரியமுள்ள ஸ்டெல்லா அக்கா,

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? என் கை நடுக்கம் குணமாகிற வகை இல்லை என்று டாக்டர் சொன்ன நாள் அது. வேர்க்கடலை வாங்கினீர்கள். பொட்டலத்தை என் கையில் தராமல் நீங்களே பிரித்து, என் முன்னால் பிடித்துக்கொண்டீர்கள். நான் சிந்திவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

“ஏண்டி மல்லிகா, இனிமே உனக்கு எழுதறதெல்லாம் நான்தான். அது சரி. நான் போய்ச் சேந்துட்டா யாருடி எழுதுவா?”

“கடலையைத் தின்னுங்கக்கா” என்றேன். வேறு பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. நானே எழுதுவேன். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா, நான் ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறேன். புத்தம் புதுசு!

ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் மலரில் இந்தக் கடிதத்தைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களை அறியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றிரண்டு வரி. கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு டீச்சர், நீங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இரண்டுக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு. சாயங்காலம் இரண்டு வகுப்பின் கரும்பலகையையும் துடைக்கும் நீங்கள், என் எழுத்தை மட்டும் அழிக்க மனசு வராமல் மறுநாள் காலைவரை விட்டுவைப்பீர்கள். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அந்தக் கை ஆட ஆரம்பித்தது. நேர்கோடு போட்டால் அலை வந்தது.

அதன் பிறகு என் கை நீங்கள்தான். சனிக்கிழமை காய்கறிப் பையோடு வருவீர்கள். நான் சொல்லச் சொல்ல, உங்கள் குண்டு குண்டு எழுத்தில் எழுதுவீர்கள். சொன்னதை மட்டும் எழுதினால் நீங்கள் ஸ்டெல்லா டீச்சரே இல்லையே! என் மகன் சேகருக்கு நான் சொன்ன கடிதத்தின் நடுவில், ‘இதை எழுதுகிறவர் இந்தக் கருத்தை ஏற்கவில்லை’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்து அனுப்பினீர்கள். அவன் ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தான். “அம்மா, நீ சொன்னதை விட பிராக்கெட்ல ஆன்ட்டி சொன்னதுதான் கரெக்ட்டு” என்றான்.

நீங்கள் போனதும் கடிதங்கள் நின்றன. உங்கள் மகள் கிரேஸுக்குக்கூட ஒரு வரி எழுத முடியவில்லை. துபாயிலிருந்து அவள் ஃபோன் செய்தாள். இரண்டு பேரும் அழுதோம், அவ்வளவுதான். அவளுடைய அம்மாவைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. அதை யாரை உட்கார வைத்து, யார் கையால் எழுதச் சொல்வது? சேகர், “சொல்லும்மா, நான் எழுதறேன்” என்று பேனாவோடு உட்கார்ந்தான். எனக்கு வாயே வரவில்லை.

அப்புறம் பாங்கில் ஒரு நாள். என் கையெழுத்து முன்பு போட்டதோடு ஒத்துப்போகவில்லை. கவுண்டரில் இருந்த பெண் மிகவும் தன்மையானவள். மை டப்பாவை என் பக்கம் நகர்த்தி, “பரவாயில்ல மேடம், பெருவிரல் வச்சிடுங்க” என்றாள். வைத்தேன். எத்தனை பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத்தைத் திருத்திக்கொடுத்த விரல் அக்கா அது! வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மை போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சேகரிடம், கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றேன்.

“உனக்கு எதுக்கும்மா? சரி, ஆபீஸ்ல பழசு ஒண்ணு சும்மாதான் கெடக்கு, கொண்டாரேன்.”

“வேணாம்டா. ஆயுசு பூரா பக்கத்து கிளாஸ் மிச்சம் வெச்ச சாக்பீஸ்லயே எழுதியாச்சு. எனக்குப் புதுசு வேணும்.”

உங்களைத்தான் சொல்கிறேன். கோபப்படாதீர்கள்.

சிவாஜிநகரில் சலீம் பாய் என்பவரின் கடைக்குப் போனோம். முதலில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கை அந்தரத்தில் ஆடியது. பக்கத்தில் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. அதில் எழுத்து வரிசைக்கு முன்னால் வழவழப்பாக ஓர் இடம் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மணிக்கட்டையும் அதில் வைத்தேன். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. அழுகிற குழந்தையைத் தோளில் சாய்த்தால் விசும்பல் மட்டும் மிச்சம் இருக்குமே, அப்படி. “இதுதான்” என்றேன். ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்திருந்தது அதற்குப் போதுமானதாக இருந்தது. தமிழில் தட்ட வழிசெய்து, விசைகளின்மேல் தமிழ் எழுத்துகளையும் ஒட்டிக்கொடுத்தார் பாய்.

இப்போது நீங்கள் சிரிக்க வேண்டிய இடம். புதுசாக எது வீட்டுக்கு வந்தாலும் நாம் முதலில் என்ன செய்வோம்? பழுப்புத் தாளில் அட்டை போடுவோம். நானும் போட்டேன்! மூடிக்கு, அடிப்பக்கத்துக்கு, பக்கவாட்டிலும் மடித்துவிட்டு, மூலை மடங்காமல், நம் பள்ளிக்கூடத்து நேர்த்தியோடு. கை ஆட ஆட ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. லேபிளும் ஒட்டினேன். அதில் பெயர் எழுதத்தான் முடியவில்லை.

லேப்டாப்பைப் போட்டுத் தட்ட ஆரம்பித்தால், ‘வணக்கம்’ என்பது ‘வவவணணக்ககம்’ என்று விழுந்தது. மணியடித்ததும் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயை மொய்ப்பார்களே, அந்த மாதிரி எழுத்துகள். போகட்டும் என்று விடாமல் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் கொதித்தது, பட்டென்று அணைந்தது. ஆறவைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அணைந்தது.

என் கைதான் அதை உடைத்துவிட்டது என்று நினைத்தேன் அக்கா. பேனாவும் போச்சு, இதுவும் போச்சு. அழுகை வந்தது. யாருக்கும் சொல்லாமல், அதைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

சலீம் பாய் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அரே டீச்சரம்மா! இன்னா இது, ஸ்கூல் புக்குக்குப் போட்டாப்ல அட்டை போட்டுகினு வந்துருக்கீங்கோ?”

“புதுசாச்சே பாய், அழுக்காயிடுமேன்னு...”

“சூடு வெளிய போற ஓட்டையெல்லாம் மூடிட்டீங்களே! பாவம், அது மூச்சு விட வாணாமா? நல்லவேளை, தானா அணைஞ்சு தப்பிச்சிருக்கு.”

“அப்ப என் கையால கெட்டுப்போகலியா?”

“கை இன்னா பண்ணும்? அட்டையக் கய்ட்டுங்கோ, ஜம்முனு ஓடும்.”

கிழித்தேன். அத்தனை அழகான அட்டையை நடுக்கடையில் நின்று கிழித்தபோது இருந்த சந்தோஷம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷம். என் கைமேல் குற்றம் இல்லை. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

எழுத்துகள் மொய்க்கிற கதையையும் பாயிடம் கேட்டேன். அதற்கு வழி தெரியாது என்று கையை விரித்தார். சரி, நான் ஆசிரியைதானே, புத்தகத்தைப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்தேன். லேப்டாப்புக்குள்ளேயே உதவிப் பக்கங்கள் என்று இருக்கின்றன. யாரும் படிப்பதில்லையாம். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். புரியாததைத் திரும்பப் படித்தேன். ஒரு வாரம் ஆனது. ஒரு மூலையில் இருந்தது அக்கா! ஒரே விசை அடுத்தடுத்துப் பட்டால் ஒரு தடவையாகவே எடுத்துக்கொள்ளும்படி லேப்டாப்புக்குச் சொல்லி வைக்கலாம். குழாயடியில் ஒரு சட்டாம்பிள்ளையை நிறுத்துவது போலத்தான். ஒரே விசையை மறுபடி தட்ட வேண்டுமென்றால் ஒரு மூச்சு நிதானித்துத் தட்ட வேண்டும். அதற்கென்ன, நிதானம் நம்மிடம் இல்லாததா?

‘வணக்கம்’ என்று தட்டினேன். வணக்கம் என்று வந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அப்படியே இருந்தது.

சலீம் பாய்க்குக் காட்டினேன். “டீச்சரம்மா, இது எனுக்கே தெரியாது” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பாவுக்கும் கை நடுங்குமாம்.

பாங்குக்குப் போனேன். பெருவிரல் வைத்தேன், கையெழுத்து இனி வராது, அது போகட்டும். ஆனால் கூடவே, முகவரி மாற்ற நானே தட்டி அச்செடுத்த விண்ணப்பத்தையும் நீட்டினேன். அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “நீவே டைப் மாடிதிரா மேடம்?” நீங்களே டைப் செய்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டாள்.

“நானே மாடிதே” என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கிரேஸுக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் என்று நினைத்தது ஏழு பக்கம் ஓடியது. நீங்கள் என் மாமியாரிடம் எனக்காகப் பேசிய பேச்சு, என் பிரசவத்தின்போது இரண்டு வகுப்பையும் நீங்களே நடத்தியது, யாருக்கும் தெரியாமல் நாம் செய்த ஒரு காரியம். எல்லாவற்றையும் எழுதினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. என் கடிதங்கள் அத்தனையும் உங்கள் கையால் போனதால், உங்களைப் பற்றி ஒரு வரிகூட நான் யாருக்கும் எழுதியதே இல்லை. உங்களை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? சொல்லியிருந்தாலும் அடைப்புக்குறி போட்டுக் கெடுத்திருப்பீர்கள்.

கிரேஸ் பதில் போட்டிருக்கிறாள். “ஆன்ட்டி, எங்கம்மாவ நான் இப்பதான் முழுசாப் பாத்தேன்” என்று அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாள். இதைவிடப் பெரிய மதிப்பெண் எனக்கு யார் போட முடியும்?

வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் கிரேஸுக்கு எழுதி முடிப்பேன். ஒன்றையும் என்னோடு கொண்டுவர மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். கை நடுங்குகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பதை இன்று ஒரு நாள் நிறுத்துங்கள். கம்ப்யூட்டரை அவர் முன்னால் திறந்து வைத்துவிட்டு, எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
மல்லிகா