ஆறு மணிக்கு ஓயும் ரீவி

அன்ரி,

இந்தச் சாமத்தில் எழுதுகிறேன், குறை நினைக்காதேங்கோ. மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். ரீவியை நிறுத்திவிட்டு அதன் தலையில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. விடிந்ததிலிருந்து ஓடியிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

ஊரை விட்டு, டோர்செட் பார்க்கில் இந்தப் பதினோராம் மாடிக்கு நாங்கள் வந்த முதல் பனிக்காலம் அது. இவர் மூன்று மணிக்குத் தொழிற்சாலைக்குப் போனால் நடுச்சாமம் தாண்டித்தான் வருவார். ஒன்றரை வயதுப் பிள்ளையும் நானும் ரீவியும். பல்கனிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பத்துத்தரம் பார்ப்பேன். பட்டம் பெற்றவளுக்கு லிப்டில் தனியாக இறங்கப் பயம்.

கீழ்மாடியிலிருந்து நீங்கள் வந்து தட்டினீர்கள். "உது நாள் முழுக்கக் கத்துமோ, பிள்ளை?"

பிறகு இருந்து கதை சொன்னீர்கள். "நான் கலியாணம் முடிச்சு அம்பதுகளிலை லண்டனுக்குப் போன புதுசிலை, வீட்டுக்காரியின்ரை முன்னறையிலை ஒரு ரீவி. வீட்டிலை எல்லாருக்கும் பங்கு வைச்ச மாதிரித்தான் காட்டுவாங்கள். பின்னேரம் பொம்பிளையளுக்குச் சமையல், தையல். அஞ்சு மணிக்குப் பிள்ளையளுக்கு. ஆறு மணிக்கு ஒளிபரப்பையே மூடிப்போடுவாங்கள். ஏழு மணிவரைக்கும் ஒண்டுமில்லை."

"ஏன் அன்ரி?"

"பிள்ளையளைப் படுக்கப் போடவாம். ஏழுக்குப் பிறகு பெரியாக்களுக்கு நாடகம், பாட்டு. எனக்கு அப்ப பிள்ளையில்லை. அந்த ஒரு மணித்தியாலம் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவைச் சுத்தி நடப்பன். இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும்."

அடுத்தநாள் சரியாக ஆறு மணிக்கு வந்து ரீவியை நிறுத்தினீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "வெளிக்கிடு. ஏழுக்கு வந்தாக் காணும்" என்றீர்கள்.

"அவன் அழுவான், அன்ரி."

"அழட்டும். நான் அழமாட்டன்."

கோட்டோடு கதவுக்கு வெளியே ஒரு மணித்தியாலம் நின்றேன். ஏழு மணிக்குத் திறந்து பார்த்துச் சிரித்தீர்கள். "கொரிடோரிலை நல்ல காத்தோ?"

மூன்றாம் கிழமை பஸ் தரிப்புக்கு அருகிலுள்ள கடைவரை போய்த் தனியே இருந்து தேத்தண்ணி குடித்தேன். பிள்ளை பிறந்தபின் சூடு ஆறுமுன் குடித்த முதல் தேத்தண்ணி.

பிறகு அந்தப் புதன்கிழமை. இரவெல்லாம் அவனுக்குக் காய்ச்சல். பின்னேரம்தான் ரீவிக்கு முன்னால் அழுகை ஓய்ந்து கிடந்தான். நீங்கள் தட்டினீர்கள். திறந்தால் நிறுத்துவீர்கள், அவன் திரும்பத் தொடங்குவான். சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

"பிள்ளை?"

இன்னொருதரம் தட்டினீர்கள். "சரி, நாளைக்கு வாறன்."

செருப்புச் சத்தம் லிப்ட்வரை போனது. அன்றிரவே உங்களுக்கு நெஞ்சுவலி வந்ததையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்ததையும் அடுத்தநாள் உடுப்புத் தோய்க்கிற அறையில் ஆரோ கதைக்கத்தான் அறிந்தேன்.

இன்றோடு ஒரு வருடம். மற்ற நாட்களில் ஆறு மணிக்கு நானே நிறுத்துகிறேன். மகன் கதவைப் பார்ப்பான். அவனுக்குக் கோட் போட்டு, இரண்டுபேரும் கீழே இறங்கி நடப்போம். இன்று மட்டும் முடியவில்லை. சத்தம் நின்றால் வெளியே உங்கள் செருப்புக் கேட்டுவிடும் என்று பயந்தேன்.

நான் உள்ளே நின்றது உங்களுக்குத் தெரியும்தானே? கோபத்தோடையோ திரும்பிப் போனனீங்கள்? அதை மட்டும் சொன்னால் காணும், வேறொன்றும் வேண்டாம்.

கெதியாப் பதில் போடுங்கோ, அன்ரி.