ரிசீவரை எடுத்தது நான்தான்

சின்னவளுக்கு,

எழுப்ப மனசு வரவில்லை. கல்லூரி அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நிற்கலாம் என்று கிளம்பிவிட்டேன். கடைசி நாளும் அதுவுமாக, உன் விண்ணப்பம் பாதி போய்க்கொண்டிருந்தபோது ஃபோன் ரிசீவரை எடுத்து, அதே லைனில் ஓடிக்கொண்டிருந்த இன்டர்நெட்டைத் துண்டித்தது நான்தான், பிள்ளைமேல் தப்பில்லை என்று கெஞ்சிப் பார்க்கிறேன். "பண்றதையும் பண்ணிட்டு என்மேலயே கத்துறீங்களேப்பா" என்றாயே, அது காதைவிட்டுப் போகவே இல்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதே. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. பதினோரு மணிக்கு அங்கிருந்து கூப்பிடுகிறேன், அப்போது மட்டும் லைனை விட்டு வை. மற்ற நேரமெல்லாம் உனக்குத்தான்.

அப்பா

யாருக்கு அப்படி அவசரமாக ஃபோன் என்று கேட்டாய். யாருக்கும் இல்லையம்மா. நீ இன்னும் இன்டர்நெட்டிலேயே இருக்கிறாயா என்று பார்க்கத்தான் எடுத்தேன்.