சனிக்கிழமை நான் சுருதி கொடுக்க வேண்டும்

உன் சீவாளி டப்பாவை இன்று மாலை திறந்தேன். கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்க நீ போட்டு வைத்த கிராம்பு. நீ பக்கத்து நாற்காலியில் உன் ஓபோக் குழலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. உடனே மூடிவிட்டேன்.

நம் ஆர்க்கெஸ்ட்ராவின் இந்த வருஷத்துக் கச்சேரி வரிசை சனிக்கிழமை தொடங்குகிறது. ஒவ்வொரு சிம்பொனிக் கச்சேரிக்கும் ஒரு பொருள்: முதலில் கடல், அடுத்து மழை, கடைசியில் விடியல். நீ இருக்கும்போதே முடிவானவைதான். பண்டார் ஹிலிர் கடைகளில் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். விடியலுக்கு இப்போதே டிக்கெட் கேட்கிறார்கள். சுதந்திரம் வருகிற வருஷமாயிற்றே. ஊரே குதூகலமாக இருக்கிறது. எனக்கோ ஒரே ஒரு ஸ்வரத்தை நினைத்துத்தான் பயம்.

உனக்குத் தெரியாததா? கச்சேரிக்கு முன் ஓபோ ஒரு ஸ்வரத்தை நீட்டிக் கொடுக்க, வயலின் முதல் டிரம்பெட் வரை எல்லோரும் அதற்குத்தான் சுருதி சேர்ப்பார்கள். அது பிசகினால் மொத்தக் குழுவும் பிசகும். அத்தனை வருஷமும் அது உன் வேலை. இரண்டாம் ஓபோவான நான் உன் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். நீ அரங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊதுவாய். கோடு கிழித்த மாதிரி வரும். எனக்கு உதறல் எடுக்கும்போதெல்லாம், "மூச்சு இருக்குல்ல, அப்புறம் என்னடா பயம்?" என்று சிரிப்பாய். அந்த மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நீயே போய்விட்டாய். உன்மேல் கோபம்கூட வருகிறது.

நேற்று ஒத்திகையில் நான் ஊதினேன். ஸ்வரம் நடுங்கியது. மறுபடி ஊதினேன், இன்னும் மோசம். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நம்மை நடத்தும் மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பியானோவை வச்சுச் சமாளிச்சுக்கலாம்லா. நாளைக்குள்ள சொல்லுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. சரியென்றால், உன் வேலையை ஒரு மரப்பெட்டியிடம் கொடுத்தவன் ஆவேன். முடியாதென்றால், அத்தனை பேர் முன்னால் மானம் போகும்.

சனிக்கிழமை உன் மனைவியும் வருகிறாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமென்று, டப்பாவை மூடிய கையோடு காஜா பெராங்கிலிருந்து தெங்கேராவிலுள்ள உன் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். "பியானோவே சுருதி குடுக்கட்டும். உன் புருஷனுக்கு இருந்த தைரியம் எனக்கில்லம்மா" என்றேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"தைரியமா? அவருக்கா?" என்றாள். "கச்சேரி அன்னைக்கெல்லாம் கெளம்புறதுக்கு முன்னாடி வாந்தி எடுப்பாருண்ணே. நான்தான் வாளியப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் பயந்துருவீங்கன்னு, வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாரு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவளும்தான். அடப்பாவி, தோளோடு தோள் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாயே! ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து பயந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் மாஸ்டர் வீட்டில் இறங்கி, பியானோ வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பயம் போகவில்லை. நீ யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பயம் இப்போது என்னிடம் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்வேன். சனிக்கிழமை அரங்கின் பின்வாசலில் வாளியோடு நிற்பதாக உன் மனைவி சொல்லியிருக்கிறாள். வாந்தி எடுத்துவிட்டாவது உன் நாற்காலியில் வந்து உட்காருவேன். சுருதியை நான்தான் கொடுப்பேன்.